பர்மிட்டில் இருந்த பெயர்

கண்ணு,

பம்பாயிலிருந்து நீ அனுப்பிய கவர் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு காகிதங்கள். ஒன்று, தோப்புக் கடை பர்மிட்டைப் புதுப்பிக்கிற பாரம். வருஷா வருஷம் போலவே உன் நைனா பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறாய். இன்னொன்று, உன் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப். கல்மண்டபத்து அச்சாபீசிலிருந்து உனக்கு வந்து, நீ பார்த்துவிட்டு எனக்கு அனுப்பியது. அதில் உன் தகப்பனார் பெயர் வரவேண்டிய வரியை மட்டும் காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் "இங்கே என்ன போடுவது என்று அம்மா சொல்லட்டும்" என்று எழுதியிருக்கிறாய். சௌக்கியமா என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரே கவருக்குள் ஒரு காகிதத்தில் உன் நைனா உயிரோடு இருந்து கையெழுத்துப் போடுகிறார், இன்னொரு காகிதத்தில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று என்னைக் கேட்கிறாய். கெட்டிக்காரன்தான். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தால் நீ கேட்டதில் தப்பே இல்லை.

"திரு." என்று போட்டால் பத்திரிகை பொய் சொல்லும். "காலஞ்சென்ற" என்று போட்டால் பர்மிட் போய்விடும். ஏனென்றால் தோப்பைக் காவல் காக்கிற கார்டுக்கும் காட்டிலாகா ரேஞ்சருக்கும் பத்திரிகை வைக்காமல் எண்ணூரில் நம் வீட்டுக் கல்யாணம் நடக்காது, அவர்களும் படிக்கத் தெரிந்தவர்கள். பத்து வருஷமாக எனக்கும் உன் சித்தப்பா குடும்பத்துக்கும் சோறு போட்டதும், உன்னைப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை படிக்கவைத்ததும் அந்தக் கடைதான். அதனால் ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. மூன்று மத்தியானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். ராயபுரத்தில் பாதிரிமார் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு வரை படித்த எழுத்து. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

ஜப்பான்காரன் சண்டை முடிந்த மறுவருஷம் தோப்பு வாசலில் போர்டு நட்டது உனக்கு நினைவிருக்கும், அப்போது உனக்குப் பதினோரு வயசு. அதற்கு முன்னால் யாரும் யாரையும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் வண்டியில் பட்டணத்திலிருந்து ஜனங்கள் வந்து இறங்குவார்கள். பெரம்பூர் ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர்கள், ஹார்பர் குமாஸ்தாக்கள் பெண்டு பிள்ளைகளோடு, சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு. நம் ஆட்கள் படகில் ஏற்றி முகத்துவாரம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், பறவைகளைக் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். நான் சவுக்கு மரத்தடியில் அடுப்பு மூட்டி மீன் வறுப்பேன், டீ போடுவேன். போர்டு வந்த பிறகு எல்லாம் நின்றது. தோப்பும் உப்பங்கழி ஓரமும் அரசாங்கக் காப்பு நிலம், பர்மிட் இல்லாமல் உள்ளே யாரும் எந்தத் தொழிலும் செய்யக்கூடாது என்று எழுதியிருந்தது. குப்பமே கொதித்தது. "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து கீற தோப்பு, இவன் யாரு கேக்கறதுக்கு?" என்று உன் சித்தப்பா போர்டைப் பிடுங்கப் போனார். உன் நைனாதான் தடுத்தார். "பிடுங்கினா நாளைக்கு இன்னொண்ணு நடுவான். அந்த பர்மிட்டு இன்னான்னுதான் பாத்துட்டு வரேனே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பதினோரு தடவை ரேஞ்சர் ஆபீசுக்கு நடந்தார். முதல் ஐந்து தடவை எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை. சலான் என்றார்கள், ஸ்டாம்பு என்றார்கள், டிபாசிட் என்றார்கள், படகை அளந்து வரச் சொன்னார்கள். ஒருநாளாவது சலித்துக்கொண்டு நான் பார்க்கவில்லை. வலை பிரிப்பது மாதிரி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசில் கைநாட்டு வைத்தால் ஒவ்வொரு தடவையும் இரண்டு சாட்சி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கே போவது சாட்சிக்கு, எல்லாரும் கடலில் இருப்பார்கள். அதனால்தான் உன் சிலேட்டை வாங்கிக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்தார். நீ அவர் கையைப் பிடித்து எழுதவைத்தாய். "அப்டி இல்ல நைனா, சுழிச்சிக்கினு வா" என்று நீ அதட்டுவாய், அவர் "சரி வாத்யாரே" என்பார். நான் அடுப்பங்கரையிலிருந்து சிரித்துக்கொண்டு பார்ப்பேன். நீ எந்தச் சொல்லை எழுதினாலும் கடைசிப் புள்ளியை மேலே வைக்காமல் ஒரு அரிசி தூரம் தள்ளி வைப்பாய். அதையும் அவர் அப்படியே படித்துக்கொண்டார். ஒரு மாசத்தில் வந்துவிட்டது கையெழுத்து. அது அவருடைய பெயர், ஆனால் எழுத்து முழுக்க உன்னுடையது. இதை மனசில் வைத்துக்கொள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

பர்மிட் கிடைத்த அன்று, கண்ணாடி போட்டு மாட்டினால்தான் கடை திறக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் வருகிற வழியிலேயே பிரேம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நீதான் நின்றபடி உரக்கப் படித்தாய். மரத்தடியில் நெருப்பு கூடாது, அடுப்பு ஈரமணலில்தான். கம்பு ஒரு முழத்துக்கு மேல் புதைக்கக்கூடாது, செங்கல் சிமெண்டு ஆகாது. படகில் எட்டு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. பறவையையோ முட்டையையோ தொட்டால் பர்மிட் ரத்து. கட்டணத்தை மாசக் கடைசிக்குள் கட்ட வேண்டும். பதினான்காவது, பர்மிட்காரர் இறந்தால் பர்மிட்டும் அன்றோடு முடிந்தது, மற்றவர் கைக்கு மாறாது. அந்த இடத்தில் நீ கொஞ்சம் நிறுத்தினாய். உன் நைனா சிரித்து, "நான் ஏன் சாவப்போறேன், இத வாங்கறதுக்குள்ளயே பாதி செத்துட்டேன்" என்றார். குப்பத்தில் அவரைத் தவிர யாரும் பர்மிட் வாங்கவில்லை. இரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடியது.

இனிமேல்தான் என் தப்புகள். முதல் தப்பு, இரண்டாவது படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனம் கரையில் காத்துக் கிடப்பதைப் பார்த்து எனக்கு ஆசை வந்தது. அவர் வேண்டாம் என்றார். "ஒண்ணு ஒழுங்கா ஓடுது, போதும்மே" என்றார். நான் விடவில்லை. நச்சு நச்சென்று காதைத் தின்றேன். மனு கொடுத்தார், அனுமதியும் வந்தது. ஆனால் படகுக்கு ஒரு கட்டணம், அதற்கு ஒரு டிபாசிட், எல்லாம் மாசம் முடிவதற்குள் கட்ட வேண்டும். ஐப்பசி மாசம், அடைமழை, தோப்புக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. அந்தக் கட்டணத்துக்காகத்தான் அவர் உன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு கட்டுமரத்தில் போனார். கரையில் ஒருத்தரும் போகாத நாள். போகாதே என்று நான் சொல்லவில்லை. "சீக்கிரம் வந்துடுய்யா" என்றுதான் சொன்னேன். உனக்குப் பதிமூன்று வயசு. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

மறுநாள் மத்தியானம் உன் சித்தப்பா மட்டும் ஒற்றைக் கட்டையைப் பிடித்தபடி திருவொற்றியூர்ப் பக்கம் கரை ஒதுங்கினார். நான் ஓடினேன். உனக்கு நான் சொன்னது என்ன? அலையில் இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள், அப்புறம் என்ன ஆனது என்று சித்தப்பாவுக்குத் தெரியாது, வேறு ஏதாவது கரையில் ஒதுங்கியிருப்பார், கப்பல்காரன் யாராவது ஏற்றிக்கொண்டு போயிருப்பான், வருவார் என்று சொன்னேன். அது பொய், கண்ணு. சித்தப்பா பார்த்தார். கட்டுமரம் புரண்டு அண்ணன் தலையில் அடித்ததை, அவர் கீழே போனதை, தலைமுடியைப் பிடிக்கப் போய்க் கை நழுவியதை, எல்லாம் அந்த மணலிலேயே என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அண்ணி, என் கைல இருந்தாரு அண்ணி, வுட்டுட்டேன்" என்று கதறினார். அவர் வாயை நான்தான் பொத்தினேன். பிள்ளைக்குத் தெரியக்கூடாது, யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அதற்கப்புறம் அவர் உன் முகத்தைப் பார்த்துப் பேசினதில்லை. சித்தப்பாவுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். பிடிக்காமல் இல்லை. வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று பயந்தார், அந்தப் பாவமும் என்னுடையது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நம்பிக்கையால் காத்திருந்தேன் என்று பத்து வருஷமாக ஊருக்குச் சொன்னேன், சில நாள் நானே நம்பினேன். உண்மை அந்தப் பதினான்காவது நிபந்தனைதான். பட்டணத்துக் காண்ட்ராக்டர் ஒருத்தன் தோப்பு முழுவதையும் தன் பெயரில் எடுக்க மனு போட்டிருப்பதாகக் காதில் விழுந்தது. செத்துப்போனார் என்று நான் சொன்ன மறுநாளே அவன் கம்பு நட்டுவிடுவான் என்று பயந்தேன். நம் குப்பத்து வழக்கம் உனக்குத் தெரியும். உடல் கிடைக்காதவனுக்கு வைக்கோலில் உருவம் செய்து கரையில் வைத்துக் கொளுத்தினால்தான் சாவு. அதுவரை அவன் போனவன்தான், செத்தவன் இல்லை. குப்பத்துப் பஞ்சாயத்து பேசுகிற நாட்டார் மூன்று பேரும் வந்து, எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். "வருவாரு, நான் காத்துகினு கீறேன்" என்றேன். மூன்று பேருக்கும் விஷயம் புரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். காக்கிச்சட்டைக்காரன் காதுக்கு எட்டாமல் குப்பமே வாயைக் கட்டிக்கொண்டது.

பங்குனியில் புதுப்பிக்கிற பாரம் வந்தது. நீ மொட்டை போட்டுக்கொள்ள வேண்டும், நைனாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும் என்று ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தாய். உன் வயசுப் பையன்கள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு உன் கன்னத்தில் அறைந்தேன். அறைந்துவிட்டு, அதே கையால் பாரத்தை உன் முன்னால் வைத்து, நைனா கையெழுத்தைப் போடு என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அப்புறம் போட்டாய். புள்ளியைத் தள்ளி வைத்தாய். ஆபீசில் ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை, எப்படி வரும்?

இப்போது நான் சொல்லப்போவதை நீ நினைத்தே பார்த்திருக்க மாட்டாய். அந்தக் கையெழுத்தை நானே போட்டிருக்கலாம். எனக்கு எழுதத் தெரியும். நீ சிலேட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒரு மாசம் பார்த்தவள். அந்தக் கோணல், அந்தச் சுழி, அந்தத் தள்ளிப்போன புள்ளி எல்லாம் எனக்கும் வரும். ஆனால் கட்டினவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது, கையால் எழுதக்கூடாது, ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள் நான். ரேஷன் கடையில்கூட "பேரு அட்டையில கீது, படிச்சுக்கய்யா" என்பேன். செத்துப்போனவருக்கு இன்னும் என்ன ஆயுசு குறையப்போகிறது? அது அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை. பொய்ப் பாரம் கொடுக்கத் துணிந்தவளுக்கு, அந்தப் பெயரை எழுதத் துணிவு வரவில்லை. அதனால் உன் கையை எடுத்துக்கொண்டேன். உன் கையில் நான் வைத்த பாரத்திலெல்லாம் பெரிய பாரம் அதுதான்.

அப்புறம் பத்து வருஷம். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, ஞாயிற்றுக்கிழமை தலையில் பூ. ரேஞ்சர் வருகிற அன்றைக்கு இரண்டு முழம் கூடவே வைத்துக்கொள்வேன். "எங்கேம்மா உன் வீட்டுக்காரர்? நான் வரும்போதெல்லாம் காணோமே" என்று ஒரு ரேஞ்சர் கேட்டார். "கடலுக்குப் போயிருக்காருங்க" என்றேன். தோப்பு கார்டு குனிந்து மணலைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். டீயை வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவான், ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. நம் பெண்களுக்குத்தான் என்னை எங்கே உட்காரவைப்பது என்று தெரியவில்லை. உன் சித்தி தம்பி பெண்ணுக்குச் சடங்கு செய்தபோது மஞ்சள் தட்டு வரிசையாக வந்தது. எனக்கு முன்னால் வந்ததும் ஒருத்தி அதைத் தூக்கிக்கொண்டு, வேறு எங்கேயோ பார்த்தபடி அடுத்தவளிடம் கொண்டுபோனாள். அவள்மேல் தப்பில்லை. அன்றோடு விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். தாலி அறுத்தவளாக ஒரு மூலையில் உட்கார்ந்து வாய்விட்டு அழக்கூட எனக்கு வழி இல்லாமல் போனது. மனசார அழாத பத்து வருஷம், கண்ணு. சிரிக்காதது பெரிதில்லை, அழாததுதான் கஷ்டம்.

நீ என்ன பட்டாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. பள்ளிக்கூடம் விட்டதும் முகத்துவாரத்துக்குப் போய், வடக்கே போகிற கப்பலை எல்லாம் எண்ணிக்கொண்டு நிற்பாய். நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாய். பதினைந்து வயசுக்கு மேல் நிற்பதை விட்டுவிட்டாய், என்னோடு பேசுவதையும் குறைத்தாய். பம்பாய் ஹார்பரில் வேலை கிடைத்தபோது, இவ்வளவு தூரம் எதற்கு என்று நான் கேட்டதற்கு, "பாரத்த தபால்ல அனுப்பு, போட்டு அனுப்பறேன்" என்றாய். அது ஒன்றுதான் எனக்கு நீ சொன்ன பதில். சொன்னபடி வருஷா வருஷம் போட்டு அனுப்பினாய்.

சரி, வியாழக்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீ கையெழுத்துப் போட்ட பாரத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிரேமோடு பர்மிட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். உன் நைனா பதினோரு தடவை நடந்த அதே ஜன்னல். புதுப்பிக்கவா என்று குமாஸ்தா கேட்டார். ரத்து பண்ண வந்திருக்கிறேன், பர்மிட்காரர் இறந்துவிட்டார் என்றேன். எப்போது என்றார். பத்து வருஷமாச்சு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ரேஞ்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது இருக்கிற ரேஞ்சர் கண்டிப்பான மனுஷர், ஆனால் கத்துகிறவர் இல்லை. "பத்து வருஷமாக் கையெழுத்துப் போட்டது யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"உனக்கு எழுதத் தெரியுமா?"

"தெரியுங்க."

"இறந்தவர் பேரைச் சொல்லு, வாக்குமூலத்துல எழுதணும்."

பேப்பரில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. நிறுத்திக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு பெயரைச் சொன்னேன். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவை. என் குரலே எனக்கு வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவர் ஒரு வெள்ளைக் காகிதத்தைத் தள்ளி, "அந்தக் கையெழுத்தை இதுல போடு பார்க்கலாம்" என்றார். போட்டேன். பழைய பாரங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சுழி சரியாக இருந்தது, புள்ளி ஒரு அரிசி தூரம் தள்ளி இருந்தது. என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு ஒரு மகன் இருப்பதும் அவன் எங்கே வேலை பார்க்கிறான் என்பதும் அவருக்குத் தெரியும். வேறு கேள்வி கேட்கவில்லை. இனிமேல் யார் எங்கே கேட்டாலும் அந்தக் கையெழுத்து என்னுடையது. உன் வேலைக்கு ஒரு கெடுதலும் வராது.

டிபாசிட் போனது. அபராதம் ஒன்று போட்டார்கள், கட்டிவிட்டேன். கிளம்பும்போது ரேஞ்சர் கேட்டார், "அன்னிக்கே வந்து சொல்லியிருக்கக் கூடாதாம்மா? பதினஞ்சாவது நிபந்தனையைப் படிக்கலையா?" பதினான்குதானே என்றேன். "பின்பக்கம்" என்றார். பர்மிட்காரர் இறந்தால், தொண்ணூறு நாளுக்குள் அவர் மனைவி மனு கொடுத்தால், அதே கட்டணத்தில் அவள் பெயருக்கு முதலில் கொடுக்க வேண்டுமாம். நான் நம்பவில்லை. பிரேமை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து, பின்னால் இருந்த ஆணிகளைக் குமாஸ்தாவின் பேனாக்கத்தியால் நெம்பி எடுத்தேன். அட்டையைத் தூக்கினால் காகிதத்தின் முதுகு. நீ படித்தது முன்பக்கம். இன்னொரு பக்கம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும், அது வீட்டுக்கு வந்ததே கண்ணாடிக்குள். ஒரே ஒரு நிபந்தனை, நான்கு வரி, பன்னிரண்டு வருஷமாக வெளிச்சம் படாத மை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அந்த ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். ரேஞ்சர், குமாஸ்தா, கார்டு எல்லாரும் நிற்கிறார்கள், நான் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறேன். ஒருத்தரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. கார்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். சர்க்கார் காகிதமோ, மனுஷனோ, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு. நான் பயந்தது எழுத்தில் இருந்த ஒன்றுக்கு, ஆனால் யாரிடமும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னல் எட்டு மைலுக்கு அப்பால் இல்லை. பத்து வருஷமாக ஒவ்வொரு பங்குனியிலும் அங்கேதான் நின்றேன். கேட்டிருந்தால் ஒரு குமாஸ்தா சொல்லியிருப்பான். வாயைத் திறந்தால் பொய் வெளியே விழுந்துவிடும் என்று வாயை மூடியே நின்றேன்.

கடையைப் பிரித்துவிட்டோம். முழத்துக்கு மேல் புதைக்காத கம்புகள் ஆனதால் ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. உன் சித்தப்பா பிடுங்கினார், நான் கீற்றை அடுக்கினேன். என் பெயரில் புதிதாக மனு கொடுத்திருக்கிறேன். தொண்ணூறு நாள் கதை முடிந்து போனதால் வரிசையில் எல்லாரோடும் ஒருத்தி. காண்ட்ராக்டரும் கொடுத்திருக்கிறானாம், கொடுக்கட்டும். கிடைத்தால் ஆடியில் கடை போடுவேன். கிடைக்காவிட்டால் காசிமேட்டில் மீன் கூடை தூக்குவேன், தூக்காத தலையா இது. நீ பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, புதுக்குடித்தனத்துக்கு உனக்கே வேண்டியிருக்கும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே லீவு போட்டுக்கொண்டு வா. நாட்டாரைக் கேட்டுவிட்டேன். பத்து வருஷத்துச் சாவுக்குத் தீட்டு மூன்று நாள்தான், அப்புறம் கல்யாணம் செய்யத் தடையில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெண் வீட்டாரிடமும் நானே ராயபுரம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணின் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பையன் கொள்ளி வெச்சிட்டே வரட்டும்மா" என்றார், நல்ல மனுஷர். வைக்கோல் உருவத்தை உன் சித்தப்பா கட்டுவார், தான்தான் கட்டுவேன் என்கிறார். அவர் கட்டும்போது பக்கத்தில் போய் உட்கார். ஒன்றும் பேச வேண்டாம், கயிறு எடுத்துக்கொடுத்தால் போதும். பதிமூன்று வயசில் நீ போடவேண்டிய மொட்டையை இப்போது போட்டுக்கொள். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை எதற்கு இருக்கிறது. தாலி எடுத்துக்கொடுக்க உன் சித்தி நிற்பாள். நான் தாலி இல்லாத கழுத்தோடு முதல் வரிசையில் உட்காருவேன். யாராவது பின்னால் போகச் சொன்னால் அவர்கள் பாடு.

இன்னும் ஒன்று. உன் பெண்டாட்டி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகத்தைச் சுளிக்காதே. கூப்பிடாவிட்டால் கூப்பிடச் சொல். உன் பெயரை எழுதவும் வை. அதனால் உன் ஆயுசு குறையாது. குறைந்தால் என்னை வந்து கேள்.

புரூஃபை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நீ காலியாக விட்ட வரியை என் கையாலேயே நிரப்பியிருக்கிறேன். அச்சாபீஸ்காரனுக்கு என் எழுத்து புரியாவிட்டால் கஷ்டம் என்று இங்கேயும் ஒரு தடவை எழுதுகிறேன்.

எண்ணூர், காலஞ்சென்ற திரு. கன்னியப்பன் அவர்களின் மகன்.

இப்படிப் போடு. கடைசிப் புள்ளியைத் தள்ளித்தான் வைத்திருக்கிறேன், அச்சில் அது சரியாகிவிடும். இந்தக் காகிதத்தில் அப்படியே இருக்கட்டும்.

அம்மா